பூ மார்ச்சில், இலை மே மாதத்தில்: அமரில்லிஸ் பெல்லடோனாவை அளந்து எழுதிய ஓராண்டு

பிப்ரவரிக் கடைசி வாரம். கேப் டவுனில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் பின்சுவரோரம் புல்கூடக் காய்ந்து கிடந்தது. கோடையில் இங்கே மழை கிடையாது, மழையெல்லாம் குளிர்காலத்தில்தான். அந்தக் கட்டாந்தரையைப் பிளந்துகொண்டு கட்டைவிரல் பருமனில் செந்நிற முளை ஒன்று எழுந்து நின்றது. சுற்றிலும் ஓர் இலை இல்லை.

இரண்டே வாரத்தில் அது முழங்காலுக்கு மேல் வளர்ந்து, உச்சியில் எட்டுப் பூக்களை விரித்தது. தாமரை மொட்டின் நுனியில் இருக்குமே, அந்த இளஞ்சிவப்பு. படம் எடுத்துத் தென்காசியில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். செடி கொடிகளில் அம்மாவுக்குத் தெரியாதது குறைவு. உடனே அழைத்தார். "பூ இருக்கிறது, இலை எங்கே ஐயா? இலையைப் பார்க்காமல் என்ன செடி என்று எப்படிச் சொல்வது?"

அந்தக் கேள்வியில்தான் இந்த வேலை தொடங்கியது.

பக்கத்து வீட்டு அம்மையார் பெயரைச் சொன்னார்: மார்ச் லில்லி. ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் மார்ட்லீலி. தாவரவியல் பெயர் அமரில்லிஸ் பெல்லடோனா. தென்னாப்பிரிக்காவின் தென்மேற்குக் கேப் பகுதிதான் இதன் தாயகம். பெயர் தெரிந்ததும் எனக்குச் சற்றுக் குழப்பம். நம் ஊர் நாற்றுப்பண்ணைகளில் 'அமரில்லிஸ்' என்று கேட்டால் வேறொரு செடியைத்தான் தருவார்கள். எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றடியில் சித்திரை வெயிலில் சிவப்பாகப் பூத்ததும் அதுதான். அதன் சரியான பெயர் ஹிப்பியாஸ்ட்ரம். ஊர் தென் அமெரிக்கா. உண்மையான அமரில்லிஸை நான் கண்ணால் பார்த்ததே இப்போதுதான்.

இந்தப் பெயர்க் குழப்பம் தோட்டக்காரர்களுடையது மட்டுமல்ல. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் அமரில்லிஸ் பெல்லடோனா என்று எழுதியபோது எந்தச் செடியை மனத்தில் வைத்திருந்தார், ஆப்பிரிக்கச் செடியையா அமெரிக்கச் செடியையா என்று தாவரவியலாளர்கள் இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். நெதர்லாந்தில் ஜார்ஜ் கிளிஃபர்ட் என்ற செல்வந்தரின் தோட்டத்துச் செடிகளை லின்னேயஸ் முன்பே விவரித்திருந்தார். அந்தத் தொகுப்பின் உலர் மாதிரி ஒன்று லண்டனில் இருக்கிறது. அதையே அடையாள மாதிரியாக, அதாவது பெயர் எந்தச் செடிக்கு உரியது என்று காட்டும் சான்றாக, கொள்வது என்று 1987-இல் பெர்லினில் கூடிய சர்வதேசத் தாவரவியல் மாநாட்டில் முடிவானது. அமரில்லிஸ் என்ற பெயர் ஆப்பிரிக்கச் செடிக்கே நிலைத்தது. ஒரு காகிதத்தில் ஒட்டி உலர்த்திய செடி, இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து வழக்கைத் தீர்த்திருக்கிறது. இதைப் படித்த பிறகுதான் படம் மட்டும் போதாது என்று தோன்றியது. செடியை முறைப்படி அளந்து, அறுத்துப் பார்த்து, உலர்த்தி, தாவரவியல் விவரணையாகத் தமிழிலேயே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

காட்டுச் செடியைத் தொடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேபிள் மவுண்டன் தேசியப் பூங்காவில் பூப்பறிப்பது குற்றம். வீட்டுச் சுவரோரம் நின்றவை மட்டுமே என் மாதிரிகள். அதற்கும் வீட்டு உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டேன்.

வைத்திருந்த கருவிகள் மிக எளியவை: முப்பது சென்டிமீட்டர் அளவுகோல், தையல் நூல், புதிய சவரப் பிளேடு, பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், வெள்ளை அட்டை, பென்சில், ரப்பர் கையுறை. கையுறையை விட்டுவிட வேண்டாம். அமரில்லிஸ் குடும்பத்துக் குமிழ்களில் (மண்ணுக்குள் வெங்காயம்போல் இருக்கும் பகுதி) லைக்கோரின் என்ற நச்சுப்பொருள் உண்டு. சாறு தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். குமிழைத் தின்றால் வாந்தி எடுக்கும். வீட்டில் நாயோ சிறு குழந்தையோ இருந்தால் அறுத்த துண்டுகளை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகக்கூடாது.

முளையைப் பார்த்த நாளிலிருந்தே உயரத்தைக் குறித்து வந்தேன். முதல் நாள் 4 சென்டிமீட்டர். பதின்மூன்றாம் நாள் 52. இடையில் ஒரே நாளில் 5 சென்டிமீட்டருக்கு மேல் ஏறியதும் உண்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. சென்ற குளிர்காலத்தில் குமிழ் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத்தான் இவ்வளவும் நடக்கிறது.

உச்சியில் மொட்டுக் கூட்டத்தை இரண்டு மடல்கள் மூடியிருந்தன. தாழை மடல், வாழை மடல் என்று நாம் புழங்கும் சொல்லே இங்கேயும் பொருந்துகிறது. புதுச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. மடல்கள் விரிந்து சாய்ந்ததும் மொட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வளைந்தன. எல்லாக் காம்புகளும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதால் பார்வைக்குக் குடை மஞ்சரி.

நிறத்தில்தான் முதலில் தவறினேன். முதல் பூ விரிந்த காலையில் 'வெளிர் இளஞ்சிவப்பு, தொண்டை வெண்மஞ்சள்' என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து அதே பூ அடர்ந்து, ஏறத்தாழ அரளிப்பூவின் நிறத்துக்கு வந்திருந்தது. இந்தச் செடியின் இதழ் வயதாக ஆக நிறம் ஏறும். எனவே 'இளஞ்சிவப்பு' என்று மட்டும் எழுதினால் அது எந்த நாளின் நிறம் என்று படிப்பவருக்குத் தெரியாது. பெயின்ட் கடையில் இலவசமாகத் தரும் வண்ண அட்டைகளை வாங்கி வந்தேன். ஒரு பூவின் காம்பில் வெள்ளை நூல் கட்டி, தினமும் காலை எட்டு மணிக்கு, நிழலில், அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்தேன். வெயிலில் ஒப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது. நிழல் வேண்டும், அதுவும் ஒரே நேரத்து நிழல்.

மணத்தையும் குறித்தேன். பகலில் மெல்லியது, பொழுது சாயும்போது கூடுகிறது. பகலில் பெரிய கருந்தச்சு வண்டுகள் வந்தன. நம் ஊரில் மூங்கிலையும் உத்தரத்தையும் துளைக்கும் வண்டின் இனம்தான். மாலை மணத்துக்கு வருபவை பருந்து அந்துகள் என்ற பெரிய அந்துப்பூச்சிகள். இந்தச் செடியின் மகரந்தத்தை இரண்டு கூட்டமும் சுமக்கின்றன. மூன்று மாலைகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததில் அந்து ஒரே ஒரு தடவைதான் கண்ணில் பட்டது.

மூன்றாம் நாள் பூ ஒன்றைப் பறித்து வெள்ளை அட்டையில் கிடத்தி அறுத்தேன். இதழ்கள் ஆறு, வெளிவட்டத்தில் மூன்று, உள்வட்டத்தில் மூன்று. புல்லி, அல்லி என்று பிரிக்க முடியாதபடி எல்லாம் ஒன்றுபோல் இருப்பதால் பூவிதழ் என்ற பாடநூல் சொல்லையே எடுத்துக்கொண்டேன். நீளம் 9 சென்டிமீட்டர், அகலம் 2.2. அடியில் மிகக் குறுகிய குழலாக இணைந்திருக்கின்றன. மகரந்தத்தாள்கள் ஆறு. அவை நேராக நிற்கவில்லை. கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து படிந்து, நுனியில் மறுபடி மேல்நோக்கி வளைகின்றன. அதனால்தான் பூவை நடுவே ஒரே ஒரு கோட்டில் வெட்டினால் மட்டும் இரு பாதிகள் ஒத்து வருகின்றன: இருபக்கச் சமச்சீர். சூல்தண்டு மகரந்தத்தாள்களை விடச் சற்று நீளம். அதன் முடி நுண்ணிய மூன்று மடலாகப் பிரிந்திருப்பது லென்ஸில்தான் தெரிந்தது. சூற்பை இதழ்களுக்குக் கீழே. பிளேடால் குறுக்கே வெட்டியதும் மூன்று அறைகள், வெள்ளரிக்காயை அறுத்ததுபோல.

அடுத்து நான் காத்திருந்த சோதனை. பூத்தண்டைக் குறுக்கே வெட்டினேன். உள்ளே கெட்டி. ஹிப்பியாஸ்ட்ரத்தின் தண்டு வெங்காயத் தாள்போல உள்ளீடற்றது. அமரில்லிஸின் தண்டு கெட்டியானது. பாட்டி வீட்டுச் செடியும் இதுவும் வேறு என்பதைக் கையால் தொட்டு உணர்ந்தது அப்போதுதான். இலையில்லாத காலத்தில், பூவைப் பார்த்துத் தடுமாறும்போது, இந்த ஒரு வெட்டு போதும்.

உலர்த்துவதில் முதல் மாதிரி கெட்டது. முழுத் தண்டையும் செய்தித்தாள்களுக்கிடையில் வைத்து, மேலே அகராதிகளை அடுக்கி, நான்கு நாள் திறக்காமல் விட்டேன். திறந்தபோது தண்டின் அடியில் பூஞ்சை; இதழ்கள் தாளோடு ஒட்டிப் பழுப்பாகிவிட்டன. சீட்டில் பேனாவால் எழுதிய எழுத்தும் ஈரத்தில் கரைந்துபோயிருந்தது. கெட்டித் தண்டு தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் என்பதை அறுத்துப் பார்த்த எனக்கே அது தோன்றாமல் போனது. இரண்டாவது மாதிரியில் தண்டை நெடுக்கே இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மட்டும் வைத்தேன். தாளை விட நீளமாக இருந்ததால் அதை இரண்டு இடங்களில் மடித்தேன். பூக்களில் இரண்டைப் பக்கவாட்டிலும் ஒன்றை விரித்தும் வைத்து, மற்றவற்றின் காம்புகளை மட்டும் விட்டுவிட்டேன். அடுக்குகளுக்கிடையே காற்றுப் போக நெளிவு அட்டைப்பெட்டித் துண்டுகள். முதல் மூன்று நாளும் காலையும் மாலையும் தாள் மாற்றினேன்; மாற்றும் தாளை முன்பே வெயிலில் காயவைத்துக்கொண்டேன். சீட்டு பென்சிலில். பத்து நாளில் நன்றாக உலர்ந்தது. நிறம் போய்விட்டது, போகத்தான் செய்யும். வண்ண அட்டைக் குறிப்பு அதற்குத்தான்.

ஏப்ரலில் காய்கள் உப்பின. மெல்லிய தோல், உள்ளே மணிகள் புடைத்துத் தெரிந்தன. ஒரு நாள் தண்டு தானாகவே சாய்ந்தது, காய்கள் கிழிந்து விதைகள் மண்ணில் உருண்டன. அவ்வளவு அழகான விதையை நான் பார்த்ததில்லை: முத்துப்போல் உருண்டு, சதைப்பற்றோடு, வெண்மையில் இளஞ்சிவப்பு கலந்து. ஹிப்பியாஸ்ட்ரத்தின் விதை கறுப்பாக, தட்டையாக, காகிதத் துணுக்குபோல் இருக்கும். இரண்டாவது வேறுபாடு இது. சமையலறை மேசையில் ஒரு தட்டில் பதினான்கு விதைகளை வைத்திருந்தேன். மண்ணும் தண்ணீரும் இல்லாமலே மூன்று வாரத்துக்குள் பல விதைகள் வெண்ணிற வேரை நீட்டிவிட்டன. இவற்றை உலர்த்திப் பொட்டலம் கட்ட முடியாது; உலர்ந்தால் உயிர் போய்விடும். பருமணல் கலந்த தொட்டியில், புதைக்காமல், மேலாக அழுத்தி வைத்தேன்.

இதற்குள் மழைக்காலம் தொடங்கிவிட்டது. மே மாதம் இலைகள் வந்தபோது எனக்குப் பெரிய சிக்கல். அளந்த பூத்தண்டுக்கு அருகே மூங்கில் குச்சி ஒன்றை நட்டு வைத்திருந்தேன். களை பிடுங்கும் அவசரத்தில் நானே அதையும் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். இப்போது சுவரோரம் மூன்று இடங்களில் இலைக்கொத்து. எது என் செடி? பூவும் இலையும் ஒன்றையொன்று பார்க்காத செடியில், இடக்குறி தொலைந்தால் விவரணையே இரண்டு துண்டாகிவிடும். ஒரு செடியின் பூவுக்கு இன்னொரு செடியின் இலையை எழுதிவிடுவேன் என்ற பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது. அன்று வேறு வேலை ஓடவில்லை.

பெயின்ட் தூரிகையால் மூன்று கொத்துகளின் அடியிலும் மண்ணை மெல்ல விலக்கினேன். நடுக்கொத்தின் பக்கத்தில், நான் அளந்த பூத்தண்டின் அடிக்கட்டை உலர்ந்து நின்றது. மற்ற இரண்டில் எதுவும் இல்லை. நிம்மதி. அதே கையோடு ஒரு குளிர்பான டப்பாவின் அலுமினியத் தகட்டை மூன்று துண்டாக வெட்டி, ஆணியால் 1, 2, 3 என்று கீறி, கம்பியில் கோத்து மண்ணுக்குள் இறக்கினேன்; அளந்த நடுக்கொத்துக்கு 1. யார் களை பிடுங்கினாலும் இனி வராது. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதல் நாளே தகட்டைச் செய்துகொள்ளட்டும்.

மண்ணை விலக்கியதில் குமிழையும் பார்த்துக்கொண்டேன். தோண்டி எடுக்கவில்லை. வேரைக் கலைத்தால் இந்தச் செடி அடுத்த ஆண்டு பூக்க மறுக்கும் என்று பக்கத்து வீட்டு அம்மையார் எச்சரித்திருந்தார். குமிழின் கழுத்து மண் மட்டத்திலேயே இருந்தது; குறுக்களவு 8 சென்டிமீட்டர். பழுப்பு நிறப் புறத்தோலில் ஒரு துணுக்கைக் கிழித்தபோது, பிரிந்த இரு விளிம்புகளுக்கும் இடையே மெல்லிய நூல்கள் நீண்டன. தாமரைத் தண்டை ஒடித்தால் நூல் இழுபடுமே, அதேபோல. இந்தக் குடும்பத்தில் அமரில்லிஸ் சேர்ந்த பிரிவின் குமிழ்களுக்கே உரிய அடையாளம் அது. ஹிப்பியாஸ்ட்ரத்துக்கு இது கிடையாது.

இலைகளை ஜூலையில், முழு வளர்ச்சியில் அளந்தேன். ஒன்பது இலைகள், இரண்டு வரிசையாக எதிரெதிரே அடுக்கி விசிறி விரித்தாற்போல். நீளம் 38 முதல் 46, அகலம் 2.5 முதல் 3 சென்டிமீட்டர். மயிரில்லை, மேற்பக்கம் வாய்க்கால்போல் குழிந்தது. ஓர் இலையை மாதிரிக்காக அடியோடு வெட்டி, அதே எண்ணிட்ட உறையில் சேர்த்தேன். படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "விஷமூங்கில் தங்கச்சிபோல் இருக்கிறது" என்றார். இலையை மட்டும் பார்த்து, சரியான குடும்பத்துக்கே வந்துவிட்டார். விஷமூங்கில் என்று அம்மா சொல்வது கிரைனம் ஆசியாட்டிகம். இரண்டும் ஒரே குடும்பம்.

உறவு இன்னொரு வழியிலும் தெரிந்தது. ஒரு காலையில் இரண்டாம் எண் செடியின் இலைகள் உள்ளே சுரண்டப்பட்டுத் தொய்ந்து கிடந்தன. அடியில் கறுப்பு மஞ்சள் பட்டைப் புழுக்கள். ஊரில் விஷமூங்கிலை ஒரே வாரத்தில் கூழாக்கும் புழுவும் இதே இனம்தான். நச்சுச் சாற்றைத் தின்றே வளரும் பிறவி. குமிழுக்குள் இறங்கிவிட்டால் செடி போய்விடும். மருந்து அடிக்காமல், மூன்று மாலைகள் கையுறையோடு பொறுக்கி எடுத்தேன். ஒன்றாம் எண்ணும் மூன்றாம் எண்ணும் தப்பின.

நவம்பரில் இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. டிசம்பரில் அந்த இடத்தில் எதுவும் இல்லை. அலுமினியத் தகடுகள் மட்டும். அந்த விடுமுறையில் உட்கார்ந்து விவரணையை எழுதினேன். புதுச் செடியினத்தை அறிவிக்க 2011 முடியும் வரை லத்தீன் விவரணை கட்டாயமாக இருந்தது. 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. நான் அறிவிப்பது புது இனம் அல்ல, அதனால் எந்தக் கட்டாயமும் எனக்கில்லை. தமிழில் எழுதியபோது ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று யோசித்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. எழுதியது இது:

"குமிழுடைய பல்லாண்டுச் செடி. குமிழ் 8 செ.மீ. குறுக்களவு, கழுத்து மண் மட்டத்தில். புறத்தோல் பழுப்பு, கிழித்தால் நூலிழை நீளும். இலைகள் 9, பூத்த பின் தோன்றுபவை, இருவரிசை, வார் வடிவம், 38–46 × 2.5–3 செ.மீ., மயிரற்றவை, மேற்புறம் குழிந்தவை, கோடைக்கு முன் உதிர்பவை. பூத்தண்டு ஒன்று, 52 செ.மீ., கெட்டியானது, செவ்வூதாச் சாயல். மடல்கள் 2. பூக்கள் 8, குடை மஞ்சரியில், மணமுள்ளவை, இருபக்கச் சமச்சீர், புனல் வடிவம். முதல் நாள் வெளிர் இளஞ்சிவப்பு, நான்காம் நாளுக்குள் அடர் இளஞ்சிவப்பு, தொண்டை வெண்மஞ்சள். பூவிதழ்கள் 6, 9 × 2.2 செ.மீ. மகரந்தத்தாள்கள் 6, கீழ் சாய்ந்து நுனி மேல்வளைந்தவை. சூற்பை கீழ்மட்டம், மூவறை. சூல்முடி நுண்ணிய மூன்று மடல். விதை உருண்டை, சதைப்பற்றுள்ளது, வெண்மை முதல் இளஞ்சிவப்பு."

எழுதி முடித்ததும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசை வந்தது. அமரில்லிஸ் என்ற பேரினத்தில் நெடுங்காலம் இந்த ஒரே இனம்தான் இருந்தது. இரண்டாவது இனமான அமரில்லிஸ் பாரடைசிகோலா 1998-இல் விவரிக்கப்பட்டது. விவரித்தவர்களில் ஒருவர், இந்தக் குடும்பத்தை ஆயுள் முழுக்க ஆராய்ந்த டெய்ர்ட்ரி ஸ்னைமன். நமீபிய எல்லையை ஒட்டிய ரிக்டர்ஸ்வெல்ட் என்ற வறண்ட மலைப்பகுதியில், ஒரே ஒரு இடத்துக் கூட்டமாக வாழும் அபூர்வச் செடி அது. பூ இளஞ்சிவப்பு, இலை பெல்லடோனாவை விட அகலமானது, மகரந்தத்தாளும் நீளமானது. அங்கேயும் பூ ஒரு பருவத்தில், இலை ஒரு பருவத்தில். நான் சுவரோரம் ஒரு குச்சியைத் தொலைத்ததற்கே தவித்தேன். மனிதர் அரிதாகவே போகும் மலையிடுக்கில் அதே செடியின் பூவையும் இலையையும் சேர்த்து எழுத எத்தனை பயணம் போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். பெரும் மரியாதை தோன்றுகிறது.

பெல்லடோனாவும் தன் காட்டில் எளிதில் பூத்துக் காட்டுவதில்லை. புதர் மூடிய சரிவுகளில் ஆண்டுக்கணக்கில் இலை மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். தீ புதரை எரித்த பிறகு வரும் இலையுதிர் பருவத்தில்தான் கூட்டமாகப் பூக்கும். வீட்டுச் சுவரோரத்தில் வெயில் தடையின்றிக் குமிழின் மேல் விழுவதால்தான் எனக்கு இந்த வாய்ப்புக் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

தொட்டியில் வைத்த பதினான்கு விதைகளில் பதினொன்று குளிர்காலத்தில் புல்லிதழ்போல் ஒற்றை இலை விட்டன. அவை பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். தொட்டிக்கும் தகடு போட்டிருக்கிறேன்.

இந்த மார்ச்சில் இரண்டாவது பருவம் வந்தது. ஒன்றாம் எண் செடி பூக்கவில்லை. சென்ற ஆண்டு காய்க்கவிட்ட களைப்பாக இருக்கலாம். புழு தின்ற இரண்டாம் எண்ணும் எழவில்லை. மூன்றாம் எண் 61 சென்டிமீட்டர் உயரத்துக்கு எழுந்தது, பதினொரு பூக்களோடு. தண்டை அறுக்காமல் நின்றபடியே அளந்தேன். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, 'பூத்தண்டு 52 செ.மீ.' என்பதை '52–61' என்றும், 'பூக்கள் 8' என்பதை '8–11' என்றும் பென்சிலால் திருத்தினேன்.